கடிதங்களை எறிந்துவிடாதீர்கள்

நியூ ஜேர்சியில் வீடு மாறிய நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு பழைய பிஸ்கற் ரின்னைக் குப்பையிற் போடும்படி மகனிடம் கொடுத்தார். உள்ளே இருந்தவை 1990க்கும் 1995க்கும் இடையில் அவருடைய தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய கடிதங்கள். நல்ல வேளையாக நானும் அங்கிருந்தேன்.

அக்கடிதங்கள் எவ்வாறு வந்தன என்பதை எம்மவர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இங்கு பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1990 ஆனியிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, யாழ்தேவியும் இல்லை. அக்காலத்தில் நான் அங்கே ஆசிரியப் பணியில் இருந்தேன். எழுத்தறியாத அயல் ஆச்சிமார், அப்பியாசக் கொப்பியிற் கிழித்த ஒற்றையுடன் மாலையில் வருவார்கள். குப்பி விளக்கடியில் இருந்து, பிள்ளையார் சுழி இட்டு, நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவேன். வழியிற் பிரித்துப் பார்ப்பார்களோ என்ற அச்சத்தால் ஷெல் விழுந்ததை எழுதுவதில்லை. 'இங்கே கடும் மழை' என்று எழுதுவோம். வைகாசி வெயிலிலும் எங்கள் கடிதங்களில் மழை பெய்தது! எழுதி முடிந்ததும் ஓர் ஆச்சி பேனாவை வாங்கி, அடியில் நடுங்கும் கோடொன்று கீறுவார். "இதைக் கண்டால்தான் தம்பி நான் உயிரோடை இருக்கிறன் எண்டு நம்புவான்" என்பார்.

1989இல் இலங்கையிற் பணி தொடங்கிய சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் செய்தித் தாள்களும் நம்மிற் பலரிடம் இருக்கக்கூடும். அவற்றுக்கு உறை கிடையாது. குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். காணாமற் போன மகனின் கையெழுத்தாக அந்தத் தாள் ஒன்றே எஞ்சியுள்ள வீடுகளும் உண்டு. அதைக் குப்பையிற் போடுவதற்கு எவருக்கு மனம் வரும்? ஆயினும் பெட்டிக்குள் இருப்பது இன்னதென்று அறியாத பிள்ளை நாளை அதைத்தான் செய்யும்.

வாட்ஸ்அப்பை நான் பழிக்கவில்லை. அம்மாவின் முகத்தை நாள்தோறும் காண்பது அன்று நாம் கனவிலும் எண்ணாத பேறு. ஆனால் பேசி முடிந்தபின் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. எம்மவர் பலர் தஞ்சம் புகுந்த டென்மார்க்கில், அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் 2025 டிசம்பர் 30ஆம் திகதியுடன் கடித விநியோகத்தையே நிறுத்திவிட்டது. இங்கே அந்த வசதி இன்னும் இருக்கிறது. 2025 யூலைக் கட்டணப்படி, 1 டொலர் 70 சதத்துக்கு ஒரு சிறு கடிதம் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் வைக்கிறோம். அதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ ஒரு கடிதம் எழுதச் செய்தால் என்ன? எழுத்துப் பிழைகள் இருக்கட்டும். அவற்றைத் திருத்தி அனுப்பவும் வேண்டாம். பாட்டிமார் அவற்றையும் சேர்த்தே பத்திரப்படுத்துவார்கள்.

அன்று நண்பரின் மகன் ரின்னைத் திறந்து தாள்களைப் புரட்டினான். பதினாறு வயது, தமிழ் பேசுவான், வாசிக்கமாட்டான். ஒவ்வொரு தாளின் தலையிலும் இருந்த பிள்ளையார் சுழியை அவன் பக்க எண் என்று எண்ணிவிட்டான். எல்லாவற்றிலும் இரண்டு என்றே போட்டிருக்கிறதே, முதற் பக்கங்கள் எங்கே என்று தகப்பனைக் கேட்டான்.