22 அங்குல வாசல்

சென்ற கூட்டத்தில் நண்பர் ஒருவர் இங்கிலாந்தில், லிங்கன்ஷயரின் ஈஸ்ட் கர்க்பி என்ற பழைய விமானத்தளத்தில், தொண்டர்கள் ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தைச் செப்பனிட்டு வருவது பற்றி உருகி உருகிப் பேசினார். கூலி வாங்காத உழைப்பு. மூல வரைபடத்துக்கு விசுவாசம். யார் கண்ணிலும் படப்போகாத இடத்திலும் பிசகாத ரிவெட். இந்தச் சிரத்தையில் கால்வாசி நம் எழுத்தாளர்களுக்கு இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. அந்த விமானம் எதற்காகச் செய்யப்பட்டது என்று ஒருவர் கேட்டபோது, அது உள்ளடக்கவாதிகளின் கேள்வி என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிட்டார். அன்று பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

உழைப்பை மதிப்பதில் எனக்குக் கஞ்சத்தனம் கிடையாது. யுத்தகாலத்தில் செய்யப்பட்ட லங்காஸ்டர்கள் 7,377. இன்று பறப்பவை இரண்டே இரண்டு. ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையிடம், மற்றது கனடாவில். மூன்றாவதாக இதைப் பறக்கவைக்கவேண்டும் என்பது ஈஸ்ட் கர்க்பிக்காரர்களின் ஆசை. குளிர்காலத்தில் தகடுகளைக் கழற்றி, பெயிண்டை உரித்து, அரித்துப்போன பாகங்களை மாற்றுகிறார்கள். வெயில்காலத்தில் மறுபடி பூட்டி, நான்கு மெர்லின் எஞ்சின்களையும் முடுக்கி, காசு கொடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு தரையிலேயே மைதானத்தை ஒரு சுற்று ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்தக் காசு அடுத்த குளிர்கால வேலைக்கு. இதை ஆரம்பித்த பாண்டன் சகோதரர்கள் இருவரும் கோழிப்பண்ணைக்காரர்கள். அவர்களுடைய அண்ணன், 19 வயதுப் பையன், 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க் மீது போன விமானம் ஒன்றில் எஞ்சினியராக இருந்தான். அன்றிரவு போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. அவனும் திரும்பவில்லை. அவன் நினைவாகத்தான் தம்பிகள் 1983இல் இந்த விமானத்தை விலைக்கு வாங்கினார்கள். இந்தத் துக்கத்தைக் கேலி செய்பவன் மனுஷனில்லை.

ஆனால் நண்பர் சொன்ன விசுவாசம் எதற்கு விசுவாசம்? இந்த விமானம், என்எக்ஸ் 611, பர்மிங்ஹாமை அடுத்த லாங்பிரிட்ஜில் ஆஸ்டின் மோட்டார் கம்பெனியில் 1945 ஏப்ரலில் செய்யப்பட்டது. ஜப்பானுக்கு எதிராக அனுப்ப உத்தேசம்; அதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. பிறகு பிரெஞ்சுக் கடற்படைக்கு விற்றார்கள். நியூ கலிடோனியா வரை போய்க் கடற்காவல் பார்த்தது. 1965இல் இங்கிலாந்து திரும்பியது. அந்த யுத்தத்தில் அது ஒரு குண்டுகூடப் போட்டதில்லை. அண்ணன் செத்ததோ லங்காஸ்டரிலே அல்ல, ஹாலிஃபாக்ஸ் என்ற வேறு விமானத்தில். இப்போது இதன் ஒரு விலாவில் ஈஸ்ட் கர்க்பியிலிருந்து பறந்த 57ஆவது ஸ்குவாட்ரனின் எழுத்துக்கள். மறு விலாவில் அதே தளத்தின் 630ஆவது ஸ்குவாட்ரனின் எழுத்துக்கள். மூக்கில் அந்தக் காலத்துத் தினசரியின் சித்திரக்கதை நாயகி ஒருத்தியின் பெயர், ‘ஜஸ்ட் ஜேன்’. மூலவர் எரிந்துபோய்விட்டார், உற்சவரை ஜோடித்து வாகனத்தில் ஏற்றிப் பிராகாரம் சுற்றிவருகிறார்கள். அதில் குற்றமில்லை, பக்தியின் வழி அது. ஆனால் உற்சவருக்கு ரத்தக்கறை இல்லை என்பதை வைத்துக்கொண்டு மூலவரும் அப்படித்தான் என்று பேசக்கூடாது. நண்பர் பேசியது அதுதான்.

நண்பர் உருவவாதி. நல்லது, உருவத்தையே படிப்போம். லங்காஸ்டரின் லட்சணம் என்ன? அதன் வயிறு. 33 அடி நீளத்துக்கு இடையில் தடுப்பே இல்லாத குண்டறை. மற்றதெல்லாம் அதற்குத் தோதாக அமைந்தது. இறக்கையைத் தாங்கும் உத்தரம் உடலுக்குள்ளே குறுக்காகப் போகிறது. இருட்டில், கனத்த உடுப்போடு, ஆட்கள் அதன்மேல் ஏறி இறங்கித்தான் முன்னும் பின்னும் போகவேண்டும். மனுஷனுக்கு இடம் மிச்சத்தில். அந்த வயிற்றில் வழக்கமாக ஏற்றியது இரண்டு வகைச் சரக்கு. ஒன்று, 4,000 ராத்தல் வெடிகுண்டு. வீடுகளின் ஓடுகளையும் ஜன்னல்களையும் பிய்த்தெறிய. மற்றது, நாலு ராத்தல் எடையுள்ள தீக்குச்சிகள், நூற்றுக்கணக்கில். பிய்ந்த கூரை வழியாக மச்சுக்குள் விழுந்து பற்றிக்கொள்ள. முதலாவது வழி திறக்கும், இரண்டாவது உள்ளே நுழையும். ஆக, அந்தக் குண்டறையின் நீள அகலத்துக்குள் ஒரு ஜெர்மன் வீட்டின் ஓட்டுக்கூரையும் கணக்காக வந்துவிட்டது. ஈஸ்ட் கர்க்பியின் ஸ்குவாட்ரன்கள் சேர்ந்திருந்தது 5ஆவது குரூப்பில். 1944 செப்டம்பர் 11 இரவு அந்த குரூப் தனியாகப் போய் டார்ம்ஸ்டாட் என்ற ஊரை எரித்தது. ஓர் இரவில் செத்தவர்கள் பத்தாயிரம் பேரளவில். 1945 பிப்ரவரி 13 இரவு டிரெஸ்டனில் முதல் அலையாகப் போனதும் அதே குரூப்தான். டார்ம்ஸ்டாட்டை விட்டுவிட்டு லங்காஸ்டரின் உருவத்தைப் படித்தேன் என்பவர் உருவத்தையும் படிக்கவில்லை.

இன்னொரு அளவு இருக்கிறது. அதை நண்பர் கவனித்திருக்க நியாயமில்லை. ஃப்ரீமன் டைஸன், பின்னாளில் பெரிய பௌதிக விஞ்ஞானி, அப்போது இருபது வயதுகூட நிறையாத பையனாகக் குண்டுவீச்சுத் தலைமையகத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து எத்தனை பேர் உயிரோடு தப்பினார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். அமெரிக்க விமானங்களிலிருந்து பாதிப் பேர். ஹாலிஃபாக்ஸ் போன்ற பழைய பிரிட்டிஷ் விமானங்களிலிருந்து நூற்றுக்கு 25. லங்காஸ்டரிலிருந்து 15. எல்லாவற்றிலும் புதியது, எல்லோரும் மெச்சியது, அதிலிருந்துதான் வெளியே வர முடியவில்லை. காரணங்களில் ஒன்று, தரையில் இருந்த தப்பிக்கும் வாசல். ஹாலிஃபாக்ஸில் அதன் அகலம் 24 அங்குலம். லங்காஸ்டரில் 22. பாராசூட் கட்டிய ஓர் ஆள் நுழைந்து வெளியே விழ அந்த இரண்டு அங்குலம் போதவில்லை. வாசலை அகலமாக்கவேண்டும் என்று அங்கிருந்தவர்கள் மேலிடத்தோடு மல்லுக்கட்டினார்கள். பெரிய வாசல் வந்தபோது யுத்தம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. குண்டுவீச்சுப் படையில் பறந்த ஒன்றேகால் லட்சம் பேரில் செத்தவர்கள் 55,573. அந்த இரண்டு அங்குலத்தால் இவர்களில் எத்தனை பேர் என்று எந்த வரைபடத்திலும் இல்லை. வரைபடத்தில் 22 என்ற எண் மட்டும் இருக்கும். ஆட்சேபித்தவன் யார், அவன் மனுவை எந்த மேஜையில் தூங்கவைத்தார்கள் என்பதெல்லாம் இருக்காது. வரைபடத்துக்கு விசுவாசம் என்று சொல்லிக் கண்ணீர் விடுகிறவர் அந்த மேஜைக்கும் சேர்த்துத்தான் விசுவாசமாக இருக்கிறார்.

உடனே என்னை அஹிம்சைப் பிரசங்கி என்று ஒதுக்க வேண்டாம். வார்ஸாவும் ராட்டர்டாமும் கவன்ட்ரியும் முதலில் எரிந்தன. ஹிட்லரை வேப்பிலை அடித்து விரட்டியிருக்க முடியாது. விமானத்தை உருக்கிக் காயலான் கடைக்குப் போடு என்று கோஷம் போடுகிற நம்மூர் முற்போக்கு நண்பர்களோடும் எனக்கு உறவில்லை. உருக்கிவிட்டால் கேள்வி கேட்பதற்குப் பொருளும் இல்லாமல் போகும். நான் சொல்வது வேறு. பொருளைத் துல்லியமாக மீட்டுவிட்டாலே நினைவை மீட்டுவிட்டதாக ஒரு சௌகரியமான மயக்கம் இருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன்.

இந்த மயக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹிரோஷிமாவில் குண்டு போட்ட ‘எனோலா கே’ போதும். வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தார் 1984இல் அதைச் செப்பனிடத் தொடங்கினார்கள். செலவானது ஏறக்குறைய மூன்று லட்சம் மணிநேர உழைப்பு. 1995இல் அதன் முன்பகுதியோடு, கருகிப்போன ஒரு பள்ளிப்பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி முதலான பொருள்களையும் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து காட்டுவதாகத் திட்டம். பழைய சிப்பாய்களின் சங்கங்களும் காங்கிரஸ்காரர்களும் கொதித்தெழுந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது, மியூஸியத்தின் டைரக்டர் மார்ட்டின் ஹார்விட் ராஜினாமா செய்தார். 2003இல் முழு விமானமும் பளபளவென்று காட்சிக்கு வந்தபோது பக்கத்துப் பலகையில் இறக்கையின் நீளம் இருந்தது, எடை இருந்தது, வேகம் இருந்தது. செத்தவர்களின் தொகை இல்லை. நண்பர் கேட்கும் சுத்த உருவம் அங்கே சித்தியாகிவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்பதும் பொய். அதே லிங்கன்ஷயரில், லிங்கன் நகரில், 2018இல் திறந்த குண்டுவீச்சுப் படை நினைவு மையத்தில் ஓர் எஃகுத் தூண் நிற்கிறது. உயரம் 102 அடி, லங்காஸ்டரின் இறக்கை அகலம். சுற்றிலும் செத்தவர்களின் பெயர்கள், ஏறக்குறைய 58,000. அந்த மையத்தின் ஆவணக்காப்பகத்தில் பறந்தவர்களின் குரல்களோடு, கீழே குண்டு வாங்கியவர்களின் குரல்களும் பதிவாகியிருக்கின்றன. நண்பரின் சொற்பொழிவில் இந்த மையம் இடம்பெறவில்லை.

இலக்கியத்துக்கே வருவோம், அவர் அங்கிருந்துதானே ஆரம்பித்தார். எரிந்த ஊர்களைப் பற்றி ஜெர்மன் எழுத்தாளர்கள் வாய் திறக்கவில்லை என்று 1997இல் ஸூரிச் சொற்பொழிவுகளில் ஸெபால்ட் குற்றம் சாட்டினார். அவர் மிகைப்படுத்துகிறார் என்று சண்டை நடந்தது. அந்தச் சண்டையில்தான் கெர்ட் லெடிக் என்ற மனிதர் மறுபடி அகப்பட்டார். 1956இல் அவர் எழுதிய ‘ஃபெர்கெல்டுங்’ என்ற நாவல் ஓர் ஊரின் மேல் நடக்கும் குண்டுவீச்சில் ஒருமணி நேரத்துக்குச் சற்றே மேற்பட்ட அவகாசத்தைச் சொல்கிறது. மேலே விமானத்திலிருப்பவனும் கீழே நிலவறையில் கிடப்பவனும் மாறி மாறி வருகிறார்கள். மேலே இருந்த அமெரிக்கன் ஒருவன் பாராசூட்டில், தான் எரித்துக்கொண்டிருந்த ஊருக்குள்ளேயே வந்து விழுகிறான். விமர்சகர்கள் புத்தகத்தை மிதித்துப் போட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் பதிப்பில் இல்லை. 1999இல் திரும்ப வந்தது, அதே வருஷம் லெடிக் செத்துப்போனார். சிரத்தை, விசுவாசம் என்று நமக்கு உதாரணம் காட்ட நினைத்தவர் இவரைக் காட்டியிருக்கலாம்.

மெர்லின் எஞ்சின் நான்கும் ஒன்றாக உறுமும் சப்தத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசப்போவதாக நண்பர் சொல்லியிருக்கிறார். பேசட்டும். டார்ம்ஸ்டாட்டில் அதே சப்தத்தை நிலவறையில் இருந்தபடி கேட்ட குழந்தைகளில் சிலர் இன்றும் இருப்பார்கள், எண்பது வயது தாண்டி. அவர்களுக்கு அது எப்படிக் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டு வந்தால், இந்தப் பக்கங்களிலேயே போடச் சொல்லி ஆசிரியரிடம் நான் சிபாரிசு செய்கிறேன்.