சுவிட்ச் யார் கையில்?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வரும் என் வயதுக்காரர்களுக்கு அங்கே வசந்தம் என்றால் செர்ரிப் பூவும் நூறு புகைப்படமும். எனக்கு அது, ஓஹையோவில் மகன் வீட்டுக்கு அருகிலுள்ள மாடல் விமான கிளப். ரைட் சகோதரர்கள் 1904லும் 1905லும் டேட்டன் பக்கத்து ஹஃப்மன் புல்வெளியில் வட்டமடித்துப் பழகிய மாநிலம் அது. ரேடியோவால் குட்டி விமானம் ஓட்டுவதை அங்கே யாரும் வெட்டி வேலை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஏப்ரலில் முதலில் நடப்பது துப்புரவுதான். பனி உருகி ஊறிப்போன புல் ஓடுபாதையின் பள்ளங்களை நிரப்பி ரோலர் ஓட்டுகிறார்கள். குளிர்காலம் முழுக்க வீட்டு பேஸ்மென்ட்டில் பால்சா மரத்தில் செய்த விமானங்கள் வந்து இறங்குகின்றன. ஒவ்வொரு கீலையும் இழுத்துப் பார்க்கிறார்கள். உப்பிப்போன லித்தியம் பேட்டரிகளை ஒதுக்குகிறார்கள். டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைத்து வைத்து, முப்பது எட்டு தள்ளி நின்று சிக்னல் போய்ச் சேர்கிறதா என்று சோதிக்கிறார்கள். 250 கிராமுக்கு மேல் எடை என்றால் அரசிடம் பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

இதெல்லாம் முடிந்ததும் வருவதுதான் என்னைக் கட்டிப்போட்டது: புதியவர்களுக்கான பயிற்சி. ஆசிரியரிடம் ஒரு டிரான்ஸ்மிட்டர், மாணவனிடம் இன்னொன்று. முன்பு இரண்டையும் வயரால் இணைப்பார்கள், இப்போது வயர் இல்லாமலே இணைக்கலாம். ஆசிரியர் ஒரு சுவிட்சைப் பிடித்திருக்கும் வரை விமானம் மாணவன் வசம். விரலை எடுத்தால் அந்த நொடியே ஆசிரியர் வசம்.

கவனித்தீர்களா? பொறுப்பைக் கொடுப்பதற்குத்தான் விரலை அழுத்தியபடி இருக்க வேண்டும். பிடுங்கிக்கொள்ள ஒரு முயற்சியும் தேவையில்லை.

புதியவர்களைத் திணறடிப்பது ஒன்று உண்டு. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறிவிடும். இடப்பக்கம் திருப்ப நினைத்தால் அது நம் வலப்பக்கம் போகும். 'எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு' என்பது அவர்கள் சொல்லிக்கொடுக்கும் சூத்திரம். சொன்னால் புரியும், கைக்கு வராது. பத்துப் பதினைந்து முறை தடுமாறினால்தான் வரும்.

அதற்காகத்தான் 'மூன்று தவறு உயரத்தில் பற' என்கிறார்கள். இரண்டு முறை தப்பு செய்தாலும் மூன்றாவது முறை சரிசெய்ய உயரம் மிச்சம் இருக்க வேண்டும் என்று பொருள். என் பேரனுக்குக் கற்றுக்கொடுத்த எழுபது வயது மெக்கானிக், விமானம் சரிந்தபோதும் பேசவில்லை, விரலை எடுக்கவில்லை. மரங்களின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தபோதுதான் எடுத்தார். நிமிர்த்தி, மறுபடி மேலே ஏற்றி, சுவிட்சை அழுத்தி, "இப்போது நீ" என்றார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் வியர்த்தது.

தானே நேராக நிமிரும் விமானங்கள் இன்று கடையில் கிடைக்கின்றன, கணினியில் சிமுலேட்டரும் உண்டு, ஆசிரியர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் எப்போது விடலாம், எப்போது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய அவற்றால் ஆகாது. அந்த மைதானத்தில் பாதிக்கு மேல் நரைத்த தலைகள். இளசுகளை விழாமல் காப்பதிலேயே குறியாக இருந்தால் கிளப்பில் கடைசியில் நரைத்த தலைகள் மட்டுமே மிஞ்சும்.

நம் வீடுகளில் பெரியவர்கள் பெரும்பாலும் சுவிட்சைத் தொடுவதே இல்லை. சைக்கிள், சமையல், வங்கிப் படிவம், எதிலும் "இங்கே கொடு, நான் செய்கிறேன்" என்று வாங்கிவிடுகிறோம். பிறகு 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று அங்கலாய்க்கிறோம்.

இங்கேயும் என்.சி.சி. விமானப் பிரிவில் மாடல் விமானம் சொல்லிக்கொடுக்கிறார்கள். விமானப்படையிலும் எச்.ஏ.எல்.லிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அனுமதியுள்ள ஒரு மைதானம், இணைத்த இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம். இவ்வளவு போதும், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆரம்பித்துவிடலாம். நம் வயதில் விரலுக்கு அந்தப் பயிற்சி மிக நல்லது.