“பெல்ட் மட்டும் போடுங்க பாஸ்!”

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. கண்டியில் எங்களைப் போன்ற வீடுகளில் இன்னும் ஓடுவது பழைய டீசல் டொயோட்டாதான்.

1 லட்சம் கிலோமீட்டர் ஆனதும் டி-பெல்ட் விளக்கு எரியும். கராஜுக்குப் போய் நாங்க சொல்ற ஒரே வசனம்: “பெல்ட் மட்டும் போடுங்க பாஸ்.” டென்ஷனர் வேணாம், ஐட்லர் வேணாம். கூலியிலும் பேரம்.

பெல்ட்டை மாட்டுறது மட்டுமா வேலை? கிராங்க், கேம், டீசல் பம்ப் மூன்றின் குறியும் பொருந்தணும். டென்ஷனரை இறுக்கிய பிறகு, ஸ்பேனரால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றி, குறிகளைத் திரும்பவும் பார்க்கணும். ஒரு பல் தவறினாலும் எஞ்சின் ஒழுங்கா ஓடாது. பழைய டென்ஷனர் பேரிங் இறுகிப்போனா புது பெல்ட்டும் அறும். பிஸ்டன் வால்வில் மோதும். கடுகண்ணாவ இறக்கத்தில் எஞ்சின் நின்றா பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிடும்.

அந்த இரண்டு சுற்றுக்கு நேரம் எடுக்கிற பாஸை “ஸ்லோ” என்கிறோம். அவசரமா முடிக்கிறவர் எங்களுக்குக் கெட்டிக்காரர். எஞ்சின் உடைஞ்சா பழி மட்டும் பாஸுக்கு.

கூலியைக் குறைச்சது யார்? நாங்கதானே! அடுத்த முறை பக்கத்தில் நின்று அந்த இரண்டு சுற்றையும் பார்ப்போம். அதற்குரிய காசைப் பேரம் பேசாம கொடுப்போம்.