ரைஸ் அளவே உங்களைக் காட்டிக் கொடுக்கும்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளிலும் ஷிஃப்ட் வேலை பார்க்கும் இளைஞர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்குவது வழக்கம். ஓய்வு நேரத்தில் சீட்டுக்கட்டு வெளியே வரும். செல்போன் வழியாகப் போக்கர் ஆட்டமும் சிலருக்கு அறிமுகமாகியிருக்கிறது. இவர்களில் புதியவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தவறைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. நடுவில் பொதுச்சீட்டுகள் திறப்பதற்கு முன்பே தொகையை உயர்த்தலாம். இதுதான் ரைஸ். இரண்டு ஏஸ் வந்துவிட்டால் உடனே பெரிய தொகையாக உயர்த்துகிறோம். சுமாரான சீட்டு என்றால் சிறிய தொகை. இது சரியா? சரியில்லை என்பதே என் கருத்து.

பணத்துக்குப் பதில் புளியங்கொட்டை வைத்துக் கணக்குப் போடுவோம். கட்டாயமாக வைக்க வேண்டிய பிளைண்ட் 1, 2 கொட்டைகள். ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும். அப்போது 20 கொட்டைக்கு உயர்த்தினால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள். இத்தனை நேரம் காத்திருந்து கிடைப்பது 3 கொட்டை! பயந்துகொண்டு 4 கொட்டைக்கு மட்டும் உயர்த்தினால் எல்லோரும் உள்ளே வருவார்கள். ஒருவர் எதிரே இருந்தால் ஏஸ் ஜோடி கடைசி வரை ஆடி வெல்லும் வாய்ப்பு சுமார் 85 சதவீதம். நான்கு பேர் இருந்தால் அது சுமார் 56 சதவீதமாகக் குறைந்துவிடும்.

எனவே நடுத்தரமான ஒரே அளவை வைத்துக் கொள்ளுங்கள். பெரிய பிளைண்டைப் போல மூன்று மடங்கு, அதாவது 6 கொட்டை. உங்களுக்கு முன்பே உள்ளே வந்தவர் ஒவ்வொருவருக்கும் 2 கொட்டை சேர்த்துக் கொள்ளலாம். எல்லோருக்கும் தெரியும் விஷயத்துக்காக அளவை மாற்றலாம். உங்களுக்கு மட்டும் தெரிந்த சீட்டுக்காக மாற்றக் கூடாது.

"எதிரில் இருப்பவர் கவனிக்கவே மாட்டாரே?" என்று கேட்கலாம். முதல் நாள் கவனிக்க மாட்டார். ஒரே அறையில் தினமும் ஆடுபவர் ஒரு வாரத்தில் கண்டுபிடித்து விடுவார். இணையத்தில் அதற்கும் நேரம் ஆகாது. எதிராளியின் ஆட்டத்தையெல்லாம் பதிவு செய்து அலசும் போக்கர் டிராக்கர் போன்ற மென்பொருள்கள் பல ஆண்டுகளாக உள்ளன.

கம்ப்யூட்டரே இதற்கு நல்ல ஆசான். 2019-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் வெளியிட்ட புளூரிபஸ் என்ற புரோகிராம் ஆறு பேர் ஆடும் ஆட்டத்தில் தொழில்முறை வீரர்களை வென்றது. தன் கையில் எந்தச் சீட்டு இருந்தாலும், வேறு ஒவ்வொரு சீட்டுக்கும் தான் என்ன செய்திருக்கும் என்று முதலில் கணக்கிட்ட பிறகே அது ஆடுகிறது. அதனால் அதன் சீட்டை யாராலும் ஊகிக்க முடிவதில்லை. ஆடும்போது அதற்குத் தேவைப்பட்டது இரண்டு சிபியு, 128 ஜிபிக்கும் குறைவான ராம். சூப்பர் கம்ப்யூட்டர் இல்லை!

இதில்தான் எச்சரிக்கையும் இருக்கிறது. ரைஸ் அளவைச் சரிசெய்துவிட்டால் பணம் கட்டி ஜெயிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இத்தகைய புரோகிராம்களும் அலசும் மென்பொருள்களும் இருக்கும் இடத்தில் சம்பளப் பணத்தோடு உட்காருவது புத்திசாலித்தனம் அல்ல. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகப் பட்டியலிட்ட தமிழகச் சட்டத்தின் அட்டவணையை நீக்கியது. ஆனால் 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை விதிக்கிறது. திறமை உண்டு என்பதற்காகவே அது வருமானம் ஆகிவிடாது.

புளியங்கொட்டை போதும். எக்செலில் மூன்று காலம் போடுங்கள்: கையில் இருந்த சீட்டு, உயர்த்திய அளவு, உள்ளே வந்தவர்கள். இருநூறு ஆட்டம் பதிவு செய்து, அளவு வாரியாக சார்ட் செய்யுங்கள். பெரிய எண்களுக்குப் பக்கத்தில் ஏஸும் கிங்கும் மட்டுமே வரிசையாக நின்றால், உங்கள் அறை நண்பர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக் கொள்ளுங்கள்!