முதுமையும் உணவளவும்

யூபிலி விழாப் பந்தியில் அமரும் முதியோருள் இருசாராரைக் காணலாம். இளமையில் உண்டவாறே இன்றும் உண்போர் ஒருசாரார். கலோரிக் கணக்கிற்கு அஞ்சி, இரண்டு பிடி சோற்றுடன் இலையை மூடி எழுவோர் மற்றொரு சாரார். முன்னவர்க்கு அறிவுரை கூறுவோர் பலர். பின்னவரைக் குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றோம். குறைத்துண்ணலும் அறியாது செய்யின் கேடு பயக்கும் என்பது எமது துணிபு.

இதனை நூலினாலன்றி வீட்டிலேயே கற்றோம். எம் தந்தையார் இக்கல்லூரியின் பழைய மாணவர். எழுபது வயதைக் கடந்தபின் நீரிழிவும் உடற்பருமனும் மிகவே, நாளொன்றுக்கு 1,500 கலோரியளவில் உண்ணுமாறு வைத்தியர் பணித்தார். அவரோ 1,000 போதுமெனத் தாமே முடிவு செய்தார். காலையுணவை ஒழித்தார்; பகலிற் சிறிது சோறும் சொதியும், இரவில் நான்கு பிஸ்கற்றும் தேநீருமாக நாளைக் கழித்தார். நிறை இறங்கியது, அவருடைய மனவுறுதியை யாமும் மெச்சினோம். ஐந்தாம் மாதத்தில், ஒருவர் கைகொடுத்தாலன்றிச் சாய்மனைக் கதிரையைவிட்டு எழ இயலாதவரானார். ஒருநாட் காலை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுக் கோயிலுக்குச் சென்றவர் வீதியில் மயங்கி வீழ்ந்தார். குருதியிற் சீனி மிகக் குறைந்திருந்தது. வீழ்ந்தவர் அவர், மெச்சிய பிழை எம்முடையது.

காரணத்தை வைத்தியர் விளக்கினார். முதுமையில் தசை இயல்பாகவே தேய்கின்றது. புரதம் குறைந்த உணவைக் குறைத்துண்டால் கொழுப்புடன் தசையும் கரையும். நிறைகோல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. முதியோர்க்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவிற்கும் நாள்தோறும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டுமென ஆய்வறிஞர் குழுவொன்று 2013இல் பரிந்துரைத்தது. அறுபது கிலோ நிறையுடையார்க்கு இது 60 முதல் 72 கிராம் ஆகும். சிறுநீரக நோயுடையார் மட்டும் வைத்தியர் சொற்படியே இதனை வகுத்தல் வேண்டும்.

ஆதலின், எவ்வளவு குறைப்பது என்பதனோடு எதனைக் குறைப்பது என்பதும் வினவத்தக்கது. ஒரு கிராம் மாப்பொருளும் ஒரு கிராம் புரதமும் தனித்தனியே 4 கலோரி தரும். கொழுப்போ 9 தரும். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. இரண்டு தேக்கரண்டிச் சீனியிட்ட தேநீரை நாளுக்கு ஐந்துமுறை அருந்துவோர், சீனியால் மட்டும் 160 கலோரி வரை பெறுகின்றனர். எம் வீட்டில் முதலிற் குறைந்தவை இவையே. பின்னர்ச் சோறு பாதியாயிற்று. அவ்விடத்தைப் பருப்பும் பயறும் தயிரும் முருங்கையிலையும் நிரப்பின. காலையுணவு மீண்டது. மாலை நடையும், கதிரையிலிருந்து பத்துமுறை எழுந்தமரும் பயிற்சியும் சேர்ந்தன. கணக்கு 1,500ஐக் கடக்கவில்லை; தந்தையார் இன்று தாமே எழுகின்றார்.

இவ்வளவை நாள்தோறும் காத்தலே அரிது. பசியினும் பெரிய தடை அன்பேயாம். “இன்னும் ஒரு கரண்டி” என்னும் உபசாரத்தை மறுத்தல் நம்மவர்க்கு எளிதன்று. இத்தாலி நாட்டு லூயிஜி கொர்னாரோ என்பார், அளவான வாழ்வைப் பற்றி 1558இல் வெளியிட்ட நூலிலே இத்தகைய அனுபவத்தை எழுதியுள்ளார். நாளொன்றுக்கு 12 அவுன்சு உணவும் 14 அவுன்சு திராட்சை மதுவும் கொண்டு வாழ்ந்த அவர், சுற்றத்தார் வற்புறுத்தலால் ஒவ்வொன்றையும் 2 அவுன்சு கூட்டிக் கடுநோயுற்றார். பழைய அளவிற்கு மீண்டே நலம் பெற்றார். அவருடைய அளவு நமக்கு விதியன்று. தமக்குப் பொருந்திய அளவைக் கூட்டாமலும் குறையாமலும் காத்த உறுதியே கொள்ளத்தக்கது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறனை உண்ணும் முறைக்கே வகுத்தார். அவற்றுள் அறிதல் என்னும் கருத்து மீண்டும் மீண்டும் வருகின்றது. அவர் வேண்டியது அச்சமன்று, அறிவேயாம். அவற்றை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பித்த யாமே அதனை வீட்டில் மறந்தோம்.

ஆகவே, பழைய மாணவப் பெரியோர்களே, உங்கள் அளவை வைத்தியரோடு ஆராய்ந்து வகுத்துக்கொள்ளுங்கள்; வகுத்தபின் அதற்குமேலும் உண்ணற்க, கீழும் உண்ணற்க. பந்தி பரிமாறும் மாணவர்களே, முதியவர் ஒருவர் போதுமென்று கைமறித்தால் சோற்றை வற்புறுத்தாதீர்கள். பருப்பை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.