முதலில் எழுவது எது?

கணினி என்றாலே விண்டோசு, விண்டோசு என்றாலே கணினி எனத் தாம்பரத்துக் கடைக்காரர் முதல் பள்ளித் தலைமையாசிரியர் வரை பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். உண்மை அஃதன்று. வன்தட்டை இரண்டு மூன்று கூறுகளாகப் பகுத்து, ஒன்றில் விண்டோசையும் மற்றொன்றில் லினக்சு வகை இயங்குதளம் ஒன்றையும் நிறுவலாம். பொறியை முடுக்கியதும் தொடக்கப் பட்டியல் திரையில் தோன்றி, எது வேண்டும் என வினவும். சில நொடிகளுள் விடை வாராவிடின், முன்னரே குறித்து வைக்கப்பட்டதைத் தானே எழுப்பிவிடும். அந்தச் சில நொடிகளைப் பற்றியே யாம் எழுதப் புகுந்தோம்.

திருவள்ளுவராண்டு 2042-இல் (2011) தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோசோடு 'பாசு' என்னும் லினக்சும் அவற்றில் இடம்பெற்றது. தெபியன் என்னும் உலகப் பொதுத் தளத்தின்மேல் சென்னைச் சி-டாக்கு நடுவத்தார் கட்டியெழுப்பி 2007-இல் வெளியிட்டது அது. அம்முயற்சியோடு தொடர்புற்ற ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி நடுவம் நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலேயே உள்ளது, தாம்பரத்திலிருந்து மின்தொடர்வண்டியில் இரண்டாவது நிறுத்தம்! பட்டிகளும் கட்டளைகளும் தமிழில் வரும். தமிழில் தட்டச்சிடவும் வழியுண்டு.

ஆயினும் யாம் அறிந்த மாணவருள் அதனைத் திறந்து பார்த்தோர் மிகச் சிலரே. பிள்ளைகளைக் கடிந்து பயனில்லை. பாடத்திலும் தேர்விலும் அதற்கு உரிய இடமில்லை, ஆசிரியர்க்கும் போதிய பயிற்சியில்லை. இடத்தை மட்டும் கொடுத்துவிட்டு, ஆளும் வழியைக் கொடாது விட்டனர்.

இங்கே ஒரு நுட்பம் அறியத்தக்கது. அக்காலப் பொறிகளில் விண்டோசை மீண்டும் நிறுவினால், வன்தட்டின் தலைப்பிலுள்ள 512 பைட்டுப் பகுதியில் அது தன் தொடக்க நிரலை எழுதிக்கொள்ளும். உடனே தொடக்கப் பட்டியல் மறைந்துபோகும். லினக்சு அழிந்தது என்றே மாணவர் எண்ணுவர். அழியவில்லை! தன் கூற்றில், ஒரு கோப்பும் குலையாமல் அப்படியே கிடக்கும், கூப்பிடுவார்தாம் இல்லை. தெரிந்தவர்க்கு அதனை மீட்பது சிறு வேலை. இன்னொன்றும் உண்டு. விண்டோசுக் கூற்றிலுள்ள கோப்புகளை லினக்சு படிக்கும். லினக்சுக் கூற்றிலுள்ளவற்றை விண்டோசு தானாகப் படிக்காது. சில வேளை, அழித்துப் புதிதாக்கவா என்றும் கேட்கும். நல்ல அண்டைவீட்டான்!

கேரளத்தார் வேறு வழி கண்டனர். 2001-இல் தொடங்கிய அவர்தம் பள்ளிக் கணினித் திட்டம் பின்னர் லினக்சுக்கே மாறியது. பாடமும் செய்முறைத் தேர்வும் அதிலேயே நடக்கின்றன. நம் கல்வித்துறையும் இதனைச் செய்திருக்கலாம், இன்றும் செய்யலாம்.

விண்டோசை அறவே துடைத்தெறிக என்பர் நம் தோழர் சிலர். யாம் உடன்படோம். ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில், பேசுமேக்கரில் அச்சுக்கோத்த தமிழ் நூல்களும் இதழ்களும் எத்தனையோ உள. அவற்றைத் திறந்து ஒருங்குறிக்கு மாற்றி முடிக்கும் வரையிலேனும் விண்டோசு தேவை. நினைவகம் மிகுந்த பொறியாயின் லினக்சுக்குள்ளேயே மெய்ந்நிகர்ப் பொறி ஒன்றை அமைத்து, அதனுள் விண்டோசை ஓட்டலாம். இரண்டும் ஒரே வேளையில் இயங்கும். அயலது இருக்கட்டும், அழைத்தபோது வரட்டும்.

இதனை இப்பொழுது எழுதுவதற்கு ஏது உண்டு. 2025 அக்தோபர் 14-ஆம் நாளோடு விண்டோசு 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்டு நிறுத்திவிட்டது. விண்டோசு 11-ஐ ஏற்காத பழம்பொறிகள் சேலையூரிலும் பல்லாவரத்திலும் பழம்பொருட் கடைகளுக்குப் போகின்றன. விற்றுவிடாதீர். லினக்சுக்கு அவை போதும்.

முதற்கண், கோப்புகளை எல்லாம் வெளிவட்டில் படியெடுத்து வைக்க. பிறகு விண்டோசுக் கூற்றைச் சுருக்கி, நாற்பது கிகாபைட்டேனும் ஒதுக்குக. நிறுவிய பின், தொடக்கப் பட்டியலில் தமிழ்த் தளத்தையே முன்னிருப்பாகக் குறித்து, பத்து நொடி காத்திருக்குமாறு அமைக்க. நிறுவத் தொடங்கும்போதே, எம்மொழி வேண்டும் என்று அது கேட்கும். பலர் அவ்விடத்தில் ஆங்கிலத்தை அழுத்திவிட்டு, இதில் தமிழே இல்லை என்று பின்னர்க் குறை சொல்கின்றனர்.