அண்டை வீட்டார் வாரிசுதாரரா?

தந்தை மறைந்தார், மனை இருக்கிறது, மக்கள் தத்தம் பங்கைக் கேட்கின்றனர். இதில் தெருவுக்கு என்ன வழக்கு? நாம் அறிந்த ஒரு கடலோர ஊரில் வழக்கு எழுந்துவிட்டது. மனையைப் பிரிக்கச் சர்வேயர் வருகிறார் என்ற செய்தி பரவியதும், வீடு வீடாகக் கையொப்பம் வாங்கி, ஜும்ஆ முடிந்த கையோடு ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு மனுவை நீட்டினர். மனையைத் துண்டு போட்டால் தெருவின் மதிப்புக் கெட்டுவிடுமாம். கையொப்பமிட்டவர்களுள் சிலர் வளைகுடாவில் வாழ்பவர்கள். அவர்களின் வீடுகள் ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடப்பவை. பூட்டிய வீட்டுக்கு என்ன நெருக்கடி நேருமென்று நமக்கு விளங்கவில்லை.

மனையின் அகலம் 40 அடி, நீளம் 120 அடி. ஏறத்தாழ 11 சென்ட். இறந்தவருக்கு மனைவியும் ஒரு மகனும் மூன்று பெண்மக்களும் உள்ளனர். கடனில்லை, வஸிய்யத்தும் இல்லை. அவருடைய பெற்றோர் முன்னரே மறைந்தவர்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று போக, எஞ்சியதில் மகனுக்கு இரு மடங்கு, மகளுக்கு ஒரு மடங்கு என்பது ஷரீஅத்தின் கணக்கு. மனையை 40 பங்காக்கினால் தாய்க்கு 5, மகனுக்கு 14, மகள் ஒவ்வொருத்திக்கும் 7. சதுர அடிக் கணக்கில் ஒரு மகளுக்கு 840. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பது நெடுநாள் வழக்கம். இந்தத் தந்தையால் அது இயலவில்லை. மூன்று பெண்களும் வாடகை வீட்டில் இருக்கின்றனர்.

840 சதுர அடியில் என்ன வீடு கட்ட முடியும் என்று மனுதாரர் நகைக்கின்றனர். பெற்றோர் விட்டுச் சென்றது சிறிதாயினும் பெரிதாயினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் விதிக்கப்பட்ட பங்கு உண்டு என்று சூரத்துன் னிஸாவின் 7ஆம் வசனம் விதிக்கிறது. சிறிது என்ற சொல்லை இறைவனே எடுத்துவைத்த பின்னர், இது மிகச் சிறிது என்று தள்ளிவைக்க இவர்கள் யார்?

"பிரிக்க வேண்டாம், முழு மனையையும் மகனே வைத்துக்கொண்டு சகோதரிகளுக்கு ஏதேனும் கொடுக்கட்டும்" என்பது இவர்கள் காட்டும் சமரச வழி. அந்த 'ஏதேனும்' எவ்வளவு, எப்போது என்று எவரும் சொல்வதில்லை. சகோதரிகள் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடுவர். பணம் அடுத்த நோன்புப் பெருநாளுக்கு, அதற்கடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என்று தள்ளிக்கொண்டே போகும். பெண்ணின் உரிமையை வழக்கம் விழுங்குகிறது என்பதனாலன்றோ 1937இல் ஷரீஅத் சட்டம் கொண்டுவரப்பட்டது! அதில் விடுபட்டிருந்த விவசாய நிலத்தையும் 1949இல் சென்னைத் திருத்தம் சேர்த்துக்கொண்டது. சட்டசபைகளில் வென்ற உரிமையைத் தெருமுனையில் தோற்பதா?

மனுவின் தலைப்பில் ஒரு நபிமொழியைக் குறித்துள்ளனர். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) இடைவிடாது வலியுறுத்தியதால், அவரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று பெருமானார் (ஸல்) எண்ணினார்கள் என்பது அதன் கருத்து. உண்மை, நெஞ்சில் பதிக்க வேண்டிய மொழி. ஆனால் அதை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். ஆக்கிவிடுவார்களோ என்று எண்ணினார்கள், ஆக்கப்படவில்லை. அத்தனை உயர்வு பெற்ற அண்டை வீட்டாருக்கும் மீராஸில் ஓர் அங்குலம் ஒதுக்கப்படவில்லை.

இன்னும் சிலர் ஷுஃப்ஆ எனும் முன்வாங்குரிமையைத் துணைக்கழைக்கின்றனர். இவ்வூரார் ஷாஃபிஈ மத்ஹபினர். அந்த மத்ஹபில் ஷுஃப்ஆ பிரிக்கப்படாத சொத்தின் கூட்டாளிக்கே உரியது, அடுத்த வீட்டுக்காரருக்கு இல்லை. அண்டை வீட்டாருக்கும் அதனை வழங்கும் ஹனஃபி மத்ஹபிலும் விற்பனை நடந்தால்தான் அவ்வுரிமை பிறக்கும். பிறர் கொடுத்த அதே விலையை அவரும் கொடுத்தாக வேண்டும். வாரிசுகள் தமக்குள் பிரித்துக்கொள்வதைத் தடுக்க அதில் இடமே இல்லை. சென்னை உயர் நீதிமன்றமோ 1870லேயே இந்த முன்வாங்குரிமையை இம்மாகாணத்தின் சட்டமாக ஏற்க மறுத்துவிட்டது. மனுவின் முதல் கையொப்பம் அம்மனையை முழுதாக வாங்க விலை பேசியவருடையது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

இவர்களின் அச்சங்கள் யாவும் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. பின்மனைக்குப் பாதை வேண்டும். மழைநீர் போக வழி வேண்டும். நல்ல தண்ணீர்க் கிணற்றின் அருகே மலக்குழி தோண்டினால் தெருவே துன்புறும். ஒரு வீட்டின் சன்னல் மறுவீட்டு முற்றத்தைப் பார்த்தால் பெண்கள் உள்ளே ஒடுங்க நேரிடும். சந்தூக்கு திரும்ப முடியாத சந்தில் ஜனாஸாவை எப்படிச் சுமந்து வருவது? இவை நியாயமான கேள்விகள். ஆனால் எவையும் விடையற்றவை அல்ல. பாதையில் தகராறு எழுந்தால் ஏழு முழம் விடுமாறு பெருமானார் (ஸல்) தீர்ப்பளித்துள்ளார்கள். நம் அளவில் அது பத்தரை அடி. அந்த அகலத்தில் 80 அடி தூரம் பாதை விட்டால் 840 சதுர அடி போய்விடும். ஒரு மகளின் பங்குக்கு நிகரான இடம்! அந்த இழப்பை ஐவரும் தத்தம் பங்கின் அளவுக்கேற்ப ஏற்க இசைந்துள்ளனர். மனுதாரர் எவரும் ஓரடியும் இழக்கவில்லை.

உண்மையான அச்சம் வேறு. பங்கு கிடைத்த பெண்களுள் ஒருத்தி நாளை விற்றால் வாங்குபவர் யாராயிருப்பார்? நம் தெருக்காரரா, நம் வகையறாவா, நமக்குச் சமமான செல்வரா? வாய்விட்டுச் சொல்ல நாணும் இக்கேள்விக்குத்தான் தெருவின் மதிப்பு என்று பெயர் சூட்டியுள்ளனர். தொழுகையில் தோளோடு தோள் நிற்கலாம், சுவரோடு சுவர் நிற்கலாகாது போலும்!

மனுவில் கையொப்பமிட்ட கனவான்கள் தம் வீட்டு மூலப் பத்திரங்களை எடுத்து நான்கெல்லையைப் படித்துப் பார்க்கட்டும். ஒரு காலத்தில் பாட்டனார் ஒருவரின் தோட்டமாயிருந்து, பெண்மக்களுக்கு வீடு கொடுப்பதற்காகக் கூறுபோடப்பட்ட நிலமே அத்தெருவில் பெரும்பாலும். ஒருவர் வீட்டின் வடக்கெல்லை அவருடைய பெரியம்மாவின் வீடாகவும் தெற்கெல்லை சின்னம்மாவின் வீடாகவும் இருப்பது எப்படி வந்தது?

ஜமாஅத் நிர்வாகிகள் இன்னும் முடிவு சொல்லவில்லை. மனுவை அனுப்பியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அளவு நாடாவுடன் இருவரை அம்மனைக்கு அனுப்பட்டும். பாதையும் சாக்கடையும் எங்கே போக வேண்டுமென்று தாய் முன்னிலையில் குறித்துக் கொடுக்கட்டும். இத்தாவை முடித்து ஏழு மாதமாக அவர் காத்திருக்கிறார்.